நான் நாலு புள்ளி போட்ட பாலம்

எங்கள் பிரதேச சபைக்கு ஒரு மென்பொருள் வாங்குவதென்று முடிவானபோது, அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஹட்டனில் ஆறு மாதம் கணினி டிப்ளோமா படித்தவள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். அச்சு இயந்திரத்தில் தாள் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்விசிறி சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "நீங்கதானே படிச்சவங்க, எழுதிக் குடுங்க" என்றார் செயலாளர். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீதி, மதகு, நடைபாலம், தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி என்று சபையின் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொன்றையும் பதிந்து, எது எந்த நிலையில் இருக்கிறது, எதை முதலில் திருத்த வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்லும் மென்பொருள் அது. அதுவரை எங்களிடம் இருந்தது சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு பதிவேடு. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை 'நல்லது' என்று இருந்த வீதி திங்கட்கிழமை 'மிக மோசம்' ஆகியிருக்கும். மேலே வெள்ளை மை பூசி, அது காய்வதற்கு முன்பே எழுதியிருப்பார்கள். யாருக்கு யார் வேண்டியவர் என்பதை அந்த வெள்ளைத் திட்டுகளை வைத்தே சொல்லிவிடலாம். கேட்டால், "நோனாவுக்கு ஏன் இந்தக் கவலை?" என்று என்னைச் சீமாட்டி ஆக்கிச் சிரிப்பார்கள். மூக்கு நுனியில் கோபம் என்று எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அந்தப் பதிவேடுதான்.

அதில் தேயிலைத் தோட்டங்களே கிடையாது என்பது இன்னொரு எரிச்சல். முன்பு சட்டப்படி தோட்டத்துக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்க முடியாது. வீதியும் பாலமும் கம்பெனிக்குச் சொந்தம். கம்பெனியோ தேயிலை லொறி போகும் வீதியை மட்டும் பார்க்கும், மனிதர் நடக்கும் பாதையைப் பார்க்காது. வாக்குக் கேட்க மட்டும் எல்லோரும் மேலே ஏறி வருவார்கள். பிறகு சட்டம் மாறியது. நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். லயத்து வாசலால் போகும் பாதைகள் முதன்முதலாக அரசாங்கத்தின் ஒரு பட்டியலில் ஏறப் போகின்றன, அதுவும் நான் எழுதும் பட்டியலில் ஏறப் போகின்றன என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! வீட்டில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி அவர்கள் காதே புளித்துப்போனது.

அந்த வேகத்தில்தான் அந்த ஒரு நிபந்தனையை எழுதினேன். ஒவ்வொன்றின் நிலைக்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி. ஒன்று என்றால் எப்போது விழுமோ தெரியாது, ஐந்து என்றால் புத்தம் புதியது. நேரில் பார்த்துப் புள்ளி போட்டு, செயலாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டால், அடுத்த வருடக் கணக்கெடுப்பு வரைக்கும் அந்தப் புள்ளியை யாராலும் மாற்ற முடியாது. சபைக்கே தலைவரான தவிசாளராலும் முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், புள்ளி போட்ட உத்தியோகத்தரே "நான் போட்டது பிழை" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகு மாகாணப் பொறியியலாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். இனி வெள்ளை மை பூசுங்கள் பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

மூன்று நிறுவனங்கள் விலைமனு போட்டன. கொழும்பிலிருந்து வந்து சபை மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். மதிப்பீட்டுக் குழுவில் நானும், மாவட்டத்திலிருந்து வந்த ஒரு கணக்காளரும், எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் இருந்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஓய்வுக்குக் கிட்டிய சிங்களப் பெரியவர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'மாத்தயா'. முதல் நிறுவனத்தின் திரையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவது, இணையம் இல்லாவிட்டால் அசையாது. எங்கள் மலையில் பாதி இடத்தில் ஒரு போன் பேசவே கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும், இவர்கள் இணையத்துக்கு எங்கே போவார்கள்? மூன்றாவது எல்லாவற்றிலும் தேறியது. அதைக் கொண்டுவந்த பெண் என் நிபந்தனையை இரண்டு தடவை படித்தார்.

"மிஸ், இதை இவ்வளவு இறுக்கமா வேற எந்தச் சபையும் கேட்டதில்லை. அவசரத்துக்கு ஒரு வழி வச்சுத் தரட்டுமா?"

"வேணாம்," என்றேன். "எங்க அவசரமெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்."

மாத்தயா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

கணக்கெடுப்புக்கு மூன்று பேருக்கு டேப்லட் கொடுத்தார்கள். என் பங்குக்கு ஏழு தோட்டங்கள். வழி காட்ட ஆள் வேண்டுமே என்று ஒவ்வொரு தோட்டத்துத் தலைவருக்கும் முன்கூட்டியே போன் செய்தேன். இன்ன நாள், இன்ன நேரம், சபையிலிருந்து வருகிறேன், பொதுச் சொத்துகளைப் பார்க்க வேண்டும். நான் செய்த முதல் முட்டாள்தனம் அது. அப்போது அதை ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அவற்றில் ஒரு தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, மேல் டிவிசனுக்கு, நான் போனது ஒரு சனிக்கிழமை. முச்சக்கர வண்டி கடைசி வளைவில் திரும்பியதும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பாதையின் இரண்டு பக்கமும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். லயத்து வாசலெல்லாம் கோலம். தலைவர் வெள்ளை வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு நிற்கிறார். ஆரத்தித் தட்டோடு ஒரு பெண் வருகிறாள். என் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. நான் யார்? மாதக் கடைசியில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிற ஒரு உத்தியோகத்தர்.

"ஐயையோ, இதெல்லாம் எதுக்குங்க தலைவரே?"

"மொத மொதலா சபையில இருந்து ஒரு ஆளு பாதையப் பாக்க வந்திருக்கீங்க மிஸ். அதுவும் நம்ம வீட்டுப் புள்ள. சும்மா விட்டுருவோமா?"

பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துபோனது.

டிவிசனுக்கும், அக்கரையில் இருக்கும் பாடசாலைக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே இரண்டு தண்டவாளங்களைப் போட்டு, மேலே பலகை அடித்த பழைய நடைபாலம். கைப்பிடிக்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள், தொட்டால் கையில் ஒட்டியது. பலகைகள் ஆடவில்லை. நடுவில் மட்டும் சில பலகைகள் நீளவாக்கில் கிடந்தன, அவற்றின் ஓரத்தில் ஏதோ திருகாணி கழற்றிய மாதிரிச் சின்னத் துளைகள் இருந்தன. பார்த்தேன். பார்த்துவிட்டு நடந்து போனேன். பாலத்துக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்ப்பதென்றால் ஆற்றங்கரைச் சேற்றில் இறங்க வேண்டும், அன்று நான் புதுச் செருப்புப் போட்டிருந்தேன்.

"பாலத்துல ஏதாச்சும் கொறை இருக்காங்க?" என்று சுற்றி நின்றவர்களைக் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லைங்க மிஸ். எல்லாம் நல்லாருக்கு," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அப்புறம் என்ன? எல்லோரையும் பாலத்தின் மேல் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். குழந்தைகளோடு பதினெட்டுப் பேர். சிரிக்கச் சொன்னேன், சிரித்தார்கள். நாலு புள்ளி போட்டேன்.

பாலத்துக்குப் பக்கத்து லயத்தில், முதல் வீட்டில் தேத்தண்ணி கொடுத்தார்கள். அந்த வீட்டு அக்காவுக்கு என் வயதுதான் இருக்கும். கொழுந்து எடுப்பவர். அன்று எனக்காக வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். அவருடைய மகள் பதினோராம் தரத்தில் படிக்கிறாள், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து பிஸ்கட் தட்டை நீட்டியபோதுதான் அவளுடைய இடது கால் சூம்பியிருப்பதைக் கவனித்தேன். அந்தக் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். வீட்டு வாசலில் கதவு இல்லை, ஒரு சாக்குத் தொங்கியது. குளிர்காற்று சாக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துகொண்டே இருந்தது.

"கதவு எங்கக்கா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்குங்க மிஸ்," என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து மென்பொருள் தன் முதல் பட்டியலைக் கொடுத்தது. திருத்த வேண்டியவை எல்லாம் வரிசையாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தன. அந்த வருடத்துப் பணத்தில் முதல் பதினொன்றைச் செய்யலாம். யாரும் கை வைக்காத, யாரும் வெள்ளை மை பூசாத பட்டியல்! நானே பசை தடவி அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். மேல் டிவிசன் பாலம் கடைசிக்கு முந்திய பக்கத்தில் இருந்தது. நல்ல பாலம்தானே, அவசரம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அந்த அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். அந்தப் பிள்ளை தாயின் தோளைப் பிடித்தபடி எங்கள் அலுவலகப் படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்தது.

"மிஸ், லிஸ்ட்டுல எங்க பாலம் இல்லீங்களே?"

"இருக்குக்கா. கடைசியில இருக்கு. அது நல்லாத்தானே இருக்கு?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"அது எங்க வீட்டுக் கதவு மிஸ்," என்றார் அக்கா.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் மெல்ல மெல்லச் சொன்னார். பாலத்தின் நடுப்பலகைகள் உளுத்து விழுந்து இரண்டு வருடமாகிறது. ஓரத்தில் ஒரே ஒரு பலகை மட்டும் மிஞ்சியது. கால் சரியாக உள்ளவர்கள் அதில் பக்கவாட்டாக நடந்து போய்விடுவார்கள். மகளால் முடியாது. ஒரு நாள் அவள் கால் இடுக்கில் இறங்கி, தொங்கி, யாரோ பிடித்துத் தூக்கினார்கள். அன்றிலிருந்து காலையிலும் பின்னேரமும் தாய்தான் அவளை முதுகில் சுமந்து கடக்கிறார். அதனால் தினமும் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தித்தான் போய் நிற்பார், கணக்கப்பிள்ளையின் ஏச்சைக் கேட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார். இந்த நிலையில் நான் வருகிறேன் என்று தலைவர் சொன்னதும் லயத்தில் கூடிப் பேசியிருக்கிறார்கள். மூன்று வீட்டுக் கதவுகளைக் கழற்றி, பலகை பலகையாகப் பிரித்து, அந்த இடைவெளியில் அடித்து, பெயின்ட் பூசிவிட்டார்கள். நான் பார்த்த துளைகள் கீல் இருந்த இடங்கள்.

"ஏங்கக்கா அப்படிச் செஞ்சீங்க? நான் வந்ததே ஒடஞ்சதப் பாக்கத்தானே!" என்று கத்திவிட்டேன். வரி கட்ட வந்து நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்டுக்கு ஒரு ஆளு வரும்போது ஒடஞ்சதையா மிஸ் காட்டுவாங்க?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். "சுத்தபத்தமா வச்சிருந்தா, நல்ல சனங்கன்னு நெனச்சு ஏதாச்சும் செஞ்சு குடுப்பீங்கன்னு பாத்தோம்."

எனக்கு நான் வளர்ந்த லயம் நினைவுக்கு வந்தது. தோட்டத்து மேலாளர் துரை பார்வையிட வருகிறார் என்றால் என் அப்பா சுண்ணாம்பு வாளியோடு கல் கல்லாகக் குந்திக் குந்திப் போவார். அம்மா கிழிந்த கம்பளிகளைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். "எல்லாம் சரியா?" என்று துரை கேட்பார், "எல்லாம் சரிங்க தொரை" என்று லயமே சொல்லும். குறை சொன்ன வீட்டுக்கு அடுத்த மாதம் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தானே நான்? சுண்ணாம்பு அடித்த கல்லைக் கண்டதுமே இறங்கி, பாலத்துக்கு அடியில் போய்ப் படுத்திருக்க வேண்டாமா? கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு 'கொறை இருக்கா' என்று கேட்டிருக்கிறேன்.

"எம் முதுகு இனித் தாங்காது மிஸ்," என்றார் அக்கா. "பாரம் தூக்கவே கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. கதவுப் பலகை போட்ட பொறவு இந்த மூணு மாசமா புள்ள தன்னால நடந்து போச்சு. இப்ப அதுவும் ஊறிப்போய் ஆடுது. இந்த வருசம் பாலம் வராதுன்னா புள்ளையப் படிப்ப நிப்பாட்டிரலாங்கிறாரு அவங்கப்பா. பரீட்சைக்கு இன்னும் ஏழு மாசந்தான் கெடக்கு."

அதுவரை வாய் திறக்காத மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மிஸ், எங்க பாலத்துக்கு எத்தனை போட்டீங்க?"

"நாலு."

"அஞ்சுக்கா?"

"ஆமா."

"கணக்குல நான்கூட அப்படி வாங்குனதில்ல," என்றாள். தாய் "ஏய், வாய மூடு" என்று அதட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர்களை அனுப்பிவிட்டு மாத்தயாவிடம் போனேன். அவர் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: மழையின் மேல் போட்டுவிடு. நீ பார்த்தபோது நன்றாக இருந்தது, பிறகு வெள்ளத்தில் சேதமானது என்று அனர்த்த நிதிப் படிவம் எழுது, அந்தப் பணத்துக்குப் புள்ளி தேவையில்லை. யாருக்கும் பிரச்சினை இல்லை, உனக்கும் பிரச்சினை இல்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் போய் அந்தப் படிவத்தைத் திறந்தேன். வெள்ளம் வந்த நாள் என்ன என்று அது கேட்டது. ஒரு நாளைத் தட்டினேன். அந்த நாளில் மழையே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடம் யாரை எல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினேனோ, அவர்கள் செய்ததைத்தான் இப்போது நான் செய்துகொண்டிருந்தேன். மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

"பாலத்தின் அடியை நான் பார்க்கவில்லை. மேலே நடந்து பார்த்தும், பூசியிருந்த பெயின்டைப் பார்த்தும் புள்ளி போட்டேன். நான் போட்டது பிழை." இவ்வளவுதான் எழுதினேன். எழுதி முடிக்க ஒரு பகல் ஆயிற்று.

செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க கோப்புல போகும். பதவி உயர்வு நேர்முகத்துல இதத்தான் மொதல்ல கேப்பாங்க. தெரியுந்தானே?"

"போகட்டும் சேர்," என்றேன். வாய்தான் வீறாப்பாகச் சொன்னது. வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதேன்.

அடுத்து மாகாணப் பொறியியலாளர் வர வேண்டும். அவர் பார்க்கும்போது பாலம் உள்ளபடியே இருக்க வேண்டும், இரவல் பலகை எதுவும் அதில் இருக்கக் கூடாது. தலைவருக்குப் போன் செய்தேன்.

"பலகையக் கழட்டிருங்க தலைவரே. கோலம் வேணாம், சுண்ணாம்பு வேணாம், மாலை வேணாம். எப்படிக் கெடக்கோ அப்படியே கெடக்கட்டும்."

"பாக்க அசிங்கமா இருக்குமே மிஸ்," என்றார்.

"அசிங்கமாத்தான் இருக்கணும்."

கழற்றினார்கள். மூன்று வீட்டுக்கும் கதவு திரும்ப வந்தது. அக்காவின் முதுகில் மகள் திரும்ப ஏறினாள். இந்த வாரம் வருகிறேன் என்று சொன்ன பொறியியலாளர் வரவில்லை. ஒரு வாரம் பாதையில் மண் சரிந்தது என்றார்கள், அடுத்த வாரம் வாகனம் இல்லை என்றார்கள், அதற்கடுத்த வாரம் கூட்டம் என்றார்கள். நான் தினமும் காலை எட்டரைக்கு அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். என் குரலைக் கேட்டாலே அங்கே போனை ஆளுக்கு ஆள் கைமாற்றிவிடுவார்கள். என் பொல்லாத வாய் முதல் தடவையாக ஒரு உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டது.

நடுவில் ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், முதல் பஸ்ஸில் மேல் டிவிசனுக்குப் போனேன். பனி விலகவில்லை. அக்கா பாலத்தின் முனையில் குந்தினார், மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பள்ளிப் பை தாயின் நெஞ்சில் தொங்கியது. பதினாறு வயதுப் பிள்ளை, தாயைவிட உயரம். அவளுடைய வெள்ளைச் சப்பாத்துகள் தாயின் கெண்டைக்காலில் இடித்தன. அந்த ஒற்றைப் பலகையில் அக்கா பக்கவாட்டாக, காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார். அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, இடுப்பில் கை வைத்து வெகுநேரம் நின்றார்.

"பலகையத் திரும்பப் போட்டுக்கோங்கக்கா. அவர் வாற அன்னைக்குக் கழட்டிக்கலாம்," என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"வேணாம் மிஸ். திடீர்னு வந்து நின்னுட்டாருன்னா? அவரும் நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயிருவாரு. நான் தூக்கிக்கிறேன்."

ஐந்து வாரம் கழித்துப் பொறியியலாளர் வந்தார். சும்மா சொல்லக் கூடாது, வந்தவர் வேலை தெரிந்தவர். நேரே சேற்றில் இறங்கி, மல்லாந்து படுத்து, பாலத்தின் வயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தண்டவாளத்தில் குத்தினார். அது உள்ளே போனது. துரு செதில் செதிலாக அவர் முகத்தில் கொட்டியது.

"ஒரே நேரத்துல எத்தனை பேர் இதுல நிப்பாங்க?" என்று கேட்டார்.

பதினெட்டு என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். படத்துக்காகச் சிரிக்கச் சொல்லி நிற்க வைத்தவள் நான்தானே. அன்றைக்கு அது தாங்கியது எங்கள் புண்ணியம். அவர் ஒன்று போட்டார். அன்று பின்னேரமே மேல் டிவிசன் பாலம் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது.

பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதியதைக் கட்ட ஆரம்பித்தார்கள். அது முடியும்வரை பழையதில் 'ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்' என்று எழுதி மாட்டச் சொன்னார் பொறியியலாளர். நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர்தானே மிஸ்?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார்.

நாடா வெட்டும் விழாவும் பேச்சும் பொன்னாடையும் பிறகு நடந்தன. அதற்கு நான் போகவில்லை. சீமெந்து இறுகிவிட்டது, பிள்ளைகள் நடக்கலாம் என்று சொன்ன முதல் திங்கட்கிழமைக் காலையில்தான் போனேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தாயும் மகளும் லயத்திலிருந்து இறங்கி வந்தார்கள். புதுப் பாலத்தின் முனைக்கு வந்ததும் அக்கா மகளின் பையை வாங்கித் தன் நெஞ்சில் மாட்டிக்கொண்டு, அப்படியே குந்தினார். கைகள் இரண்டும் தாமாகப் பின்னால் போயின.

மகள் ஒரு கணம் நின்றாள். "அம்மா, எந்திரிங்க," என்றாள். தாய் எழவில்லை. மகள் குனிந்து, தாயின் கழுத்திலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தாயைச் சுற்றி முன்னால் போய், கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்தாள். மற்றக் காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பின்னால் வந்த பிள்ளைகள் முந்திக்கொண்டு ஓடவில்லை, அவளுக்குப் பின்னாலேயே மெதுவாக நடந்தார்கள்.

அவள் அக்கரையில் ஏறி, பாதை வளைவில் மறைகிற வரைக்கும் அக்கா குந்திய இடத்திலேயே இருந்தார். நான் பக்கத்தில் போய்க் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முதுகு லேசா இருக்கு மிஸ்," என்றார். பின்னால் கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். "என்னமோ மாதிரி இருக்கு."